கரவன் வண்டியின் பற்றரி: பழுதறிதலும் திருத்துதலும்



மோட்டார்க் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைப் பிரித்தானியர் கரவன் என்பர். விடுமுறை வந்ததும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு குடும்பம் முழுவதும் புறப்பட்டு, கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ சில நாள் தங்கி மீள்வது அந்நாட்டிலே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும். 1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர் இன்பப் பயணத்திற்கென்றே ஒரு கரவனைக் கட்டுவித்து, குதிரைகளைப் பூட்டி நாடு சுற்றினார். 1907இல் கரவன் உடையோர் தமக்கென ஒரு கழகம் அமைத்துக்கொண்டனர். முதலாம் உலகப் போரின் பின்னர் குதிரையின் இடத்தைக் கார் பெற்றது. எண்ணெய் விளக்கின் இடத்தைக் காலப்போக்கில் மின்விளக்குப் பெற்றது. மின்விளக்கோடு பற்றரி பற்றிய கவலையும் உடன் வந்தது.

நம் நாட்டில் கரவன் அரிது. ஆயினும் இவ்விடயம் நமக்கு அயலானதன்று. பிரித்தானியாவில் வாழும் நம் உறவினர் பலர் கோடை விடுமுறையை இவ்வண்டிகளிற் கழிக்கின்றனர். அன்றியும், 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்த காலத்திலே, மிதிவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இவ்வுரையைக் கேட்போருள் இருப்பர். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்திலே வீட்டுக்குப் பற்றரி வாங்கியோரும் இருப்பர். கரவனில் உள்ளதும் கூரையின் கீழ் உள்ளதும் ஒரே பற்றரி. அதற்குரிய விதிகளும் ஒன்றே.

கரவன் உடையார் ஒருவர், "பற்றரி பழுதாகிவிட்டது" என்று கடைக்குச் செல்கிறார். பெருந்தொகை கொடுத்துப் புதிய பற்றரி வாங்கிப் பூட்டுகிறார். இரண்டு கோடை கழிகின்றது; மீண்டும் அதே கடை, அதே முறைப்பாடு. இங்கே நோயுற்றது பற்றரி. ஆனால் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் பற்றரிக்கு வெளியே உள்ளது. மின்சாரம் வந்து சேரும் வழி குறைபாடுடையதாயின், எந்தப் பற்றரியை வைத்தாலும் அது அரைவயிற்றோடு கிடந்து மடியும். ஆதலால் வாங்குமுன் அளக்க வேண்டும் என்பதே இவ்வுரையிற் கூற விரும்பும் ஒரே செய்தி. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலிற் பற்றரியின் இயல்பை அறிந்துகொள்வோம். பிரான்ஸ் தேசத்துக் காஸ்தொன் பிளாந்தே என்பவர் 1859இல் ஆக்கிய ஈய அமிலப் பற்றரியின் வழித்தோன்றல்களே இன்றும் பெரும்பாலான கரவன்களில் உள்ளன. அதனுள் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஈயவீரொட்சைட்டுத் தகடும், கடற்பஞ்சு போன்ற ஈயத் தகடும், ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்சாரத்தை எடுக்கும்போது இருவகைத் தகடுகளிலும் ஈயசல்பேற்று படிகின்றது, அமிலம் நீர்த்துப்போகின்றது. மின்னேற்றும்போது இம்மாற்றம் மறுதலையாக நிகழும். ஈயசல்பேற்று புதிதாகப் படிந்திருக்கும்போது எளிதிற் கரையும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே விடப்பட்டால் அது கடும் பளிங்காக இறுகிவிடும். இறுகியபின் எவ்வளவு மின்னேற்றினும் முழுமையாக மீளாது. பற்றரியின் அகால மரணத்திற்கு முதற் காரணம் இதுவே.

காரின் இயந்திரத்தை முடுக்கும் பற்றரிக்கும் கரவனின் வீட்டுப் பற்றரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையது சில கணங்களுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுத்து ஓய்ந்துவிடும். அதற்கு மெல்லிய தகடுகள் பல உள. பின்னையது இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அதன் தகடுகள் தடித்தவை. அங்குள்ளோர் இதனை லெஷர் பற்றரி என்பர். 110 அம்பியர்-மணி என்பது பொதுவாகக் காணப்படும் ஓர் அளவு. இவ்வளவில் பாதியை மட்டும் எடுத்து மீள நிரப்புதல் பற்றரியின் ஆயுளை நீட்டும்.

இனி வரவையும் செலவையும் பார்ப்போம். ஒரு குடும்பம் பேர்மிங்காமிலிருந்து வேல்ஸ் மலைப்பகுதிக்கு மூன்று மணி நேரம் பயணஞ் செய்கிறது என்று கொள்வோம். அன்றிரவு விளக்குகளுக்கு 4 அம்பியர்-மணி, தண்ணீர்ப் பம்பிக்கு 1, தொலைக்காட்சிக்கு 8, குளிர்காப்புச் சூடேற்றியின் விசிறிக்கு 12, ஆக மொத்தம் 25 அம்பியர்-மணி செலவாகிறது. மூன்று மணி நேர ஓட்டத்திற் பற்றரி பெற்றது மணிக்கு 5 அம்பியர் வீதம் 15 அம்பியர்-மணியே என்றால், முதல் நாளிலேயே 10 அம்பியர்-மணி கடன். மூன்றாம் இரவில் விளக்கு மங்குகிறது. இங்கே பற்றரியைக் குறைசொல்லுதல் நியாயமன்று. வரவு ஏன் குறைந்தது என்பதே வினா.

இதற்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றும் சிறிது பொறுமையும் போதும்.

முதற் சோதனை பற்றரிக்கு. அதனை முழுவதும் மின்னேற்றி, எல்லா இணைப்பையும் கழற்றி, ஓர் இரவு ஓய்வாக விட்டுக் காலையில் அளக்க வேண்டும். மின்னேற்றியவுடன் அளந்தால் எண் உயர்ந்து காட்டி ஏமாற்றும். ஓய்ந்த நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டினால் அது நிறைந்தது. 12.4 என்றால் முக்காற்பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் காற்பங்கே உண்டு. அடுத்து 5 அம்பியர் எடுக்கும் விளக்குகளை ஐந்து மணி நேரம் எரியவிட்டு, மீண்டும் ஓய்வுகொடுத்து அளக்க வேண்டும். 110 அம்பியர்-மணியிலிருந்து 25 போனால் முக்காற்பங்குக்குச் சற்று மேல் எஞ்ச வேண்டும். அதாவது மானி 12.4க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அது 12க்குக் கீழே விழுந்தால் பற்றரியின் கொள்ளளவு போய்விட்டது என அறியலாம். அப்பொழுதும் புதியதை வாங்குமுன், பழையது ஏன் போயிற்று என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாஞ் சோதனை மின்சாரம் வரும் வழிக்கு. நம் தோட்டக்காரர் இதனை உடனே விளங்கிக்கொள்வர். கிணற்றடியில் நீர் பெருகி ஓடினாலும், வாய்க்கால் ஒடுங்கியோ உடைந்தோ இருந்தால் கடைசிப் பாத்தி காய்கின்றது. அங்கே கிணற்றை ஆழமாக்குவதிற் பயனில்லை. கரவனிலே காரின் ஆல்ற்றனேற்றர் கிணறு, வயர் வாய்க்கால், வீட்டுப் பற்றரி கடைசிப் பாத்தி.

கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் முன்புறத்திலுள்ள பற்றரியிலிருந்து கரவனின் பற்றரிவரை 8 மீற்றர் எனக் கொண்டால், மின்னோட்டம் போய்த் திரும்பும் தூரம் 16 மீற்றர். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு ஆயின் அதன் தடை ஏறத்தாழ 0.11 ஓம். 10 அம்பியர் பாயும்போது, ஓமின் விதிப்படி, 1.1 வோல்ற் வழியிலேயே இழக்கப்படும். ஆல்ற்றனேற்றர் 14.3 வோல்ற் கொடுத்தாலும் பற்றரிக்குக் கிடைப்பது 13.2 மாத்திரமே. இணைப்பு முனைகளின் இழப்பையுஞ் சேர்த்தால் 13 ஆகிவிடும். ஈய அமிலப் பற்றரியை விரைவாக நிரப்ப ஏறத்தாழ 14.4 வோல்ற் வேண்டும். மின்னோட்டம் குறையக் குறைய இவ்விழப்பும் குறையும் என்பது உண்மையே. ஆதலால் பல மணி நேரம் தொடர்ந்து ஓடினால் பற்றரி நிரம்பக்கூடும். ஆனால் அதற்குள்ளே பயணம் முடிந்துவிடுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மின்னோட்டம் பாயாதபோது வயரின் நுனியில் அளந்தால், துருவேறிய முனையிலும் மானி முழு அழுத்தத்தைக் காட்டும். அடைபட்ட வாய்க்காலிலும் நீர் அசையாதவரை மட்டம் ஒன்றாகவே நிற்கும் அன்றோ? ஆதலால் இயந்திரம் ஓடும்போது, பற்றரி ஓரளவு வெறுமையாய் மின்சாரத்தை உண்ணும்போதே அளத்தல் வேண்டும். முதலிற் காரின் பற்றரியில், அடுத்துக் கரவனின் பற்றரியில் அளந்து, இரண்டினதும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் மானியின் ஒரு முனையை வயரின் தொடக்கத்திலும், மறுமுனையை ஒரு நீண்ட வயரின் துணையோடு அதன் முடிவிலும் வைத்தால், அவ்வயரில் இழக்கப்படும் அழுத்தம் நேராகவே தெரியும். நல்ல வயரில் அது பூச்சியத்திற்கு அண்மையில் இருக்கும். நேர் வயரைச் சோதித்து நின்றுவிடலாகாது; மின்னோட்டம் திரும்பும் எதிர் வயரையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். பலர் மறப்பது இதனையே.

பழுது வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. காரையும் கரவனையும் இணைக்கும் பதின்மூன்று முனைச் செருகி முதலாவது. மழையும் சேறும் படுமிடத்தில் இருப்பதால் அதன் முனைகளிற் பச்சைக்களிம்பு பிடிக்கும். பியூசும் அதன் பிடியும் இரண்டாவது. பியூஸ் உருகாதிருந்தும் அதன் கால்கள் தளர்ந்திருந்தால் அவ்விடம் சூடேறும். கரவனுக்குள் இருக்கும் றிலே என்னும் மின்காந்தச் சுவிச்சு மூன்றாவது. கார் ஓடும்போது உள்ளறை விளக்குகளையும் பம்பியையும் துண்டித்து, பற்றரியின் மின்னேற்றத்தையும் குளிர்ப்பெட்டியையும் இணைப்பது இதன் கடமை. இதன் தொடுமுனை கருகினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியும் பற்றரிக்கு மின்சாரம் போகாது. பற்றரியின் தலையிலுள்ள கவ்விகள் நான்காவது. இவற்றைத் துப்புரவாக்கி இறுக்குவதற்குச் செலவு அதிகமில்லை.

இவை யாவும் சரியாக இருந்தும் பற்றரி நிரம்பாவிடின், கார் புதியதா பழையதா என்று கேட்க வேண்டும். பழைய காரின் ஆல்ற்றனேற்றர் ஏறத்தாழ 14 வோல்ற்றுக்கு மேல் ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின், சிறப்பாக யூரோ 6 எனப்படும் விதி 2015 செப்ரெம்பரில் ஐரோப்பாவின் புதிய கார்களுக்கெல்லாம் உரியதானபின், எரிபொருளை மீதப்படுத்தும் நோக்கோடு பல கார்களில் அறிவுடை ஆல்ற்றனேற்றர் பூட்டப்படுகின்றது. காரின் பற்றரி போதிய அளவு நிறைந்ததும் அது தன் அழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளும். காரை நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் உயர்த்தும். காருக்கு இது சிக்கனம். பின்னாலிருக்கும் கரவனுக்குப் பட்டினி. காரை மாற்றியபின் பற்றரி நிரம்புவதில்லை என்பார், பற்றரியை அன்றி இதனையே முதலில் ஐயுற வேண்டும்.

மூன்றாஞ் சோதனை கள்ளச் செலவுக்கு. வண்டி நிற்கும்போதும் திருட்டு எச்சரிக்கைக் கருவி போன்றவை சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 30 மில்லியம்பியர் எனக் கொண்டாலும், ஒரு மாதத்திற்கு ஏறத்தாழ 22 அம்பியர்-மணி ஆகிவிடும். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை குளிர்காலம் முழுவதும் கரவனை மூடிவைத்தால், 110 அம்பியர்-மணிப் பற்றரி வசந்தம் வருமுன் வெறுமையாகி, தகடுகளிற் பளிங்கு இறுகிக் கிடக்கும். மாதம் ஒருமுறையேனும் மின்னேற்றுதலோ, கூரையில் ஒரு சிறு சூரியப் பலகை வைத்தலோ இதற்குப் பரிகாரம்.

இதுவரை பழுதறிதல் கூறினோம். இனி மேம்படுத்தல்.

முதற் படி வயரைத் தடிப்பித்தல். மேற்கூறிய கணக்கில் 2.5க்குப் பதிலாக 6 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் இழப்பு 1.1 வோல்ற்றிலிருந்து ஏறத்தாழ 0.46 வோல்ற்றுக்குக் குறையும். இது பழைய ஆல்ற்றனேற்றர் உடைய காருக்கு நல்ல மருந்து.

இரண்டாவது, முகாமிலே 230 வோல்ற் மின்சாரத்தோடு இணைக்கும்போது தொழிற்படும் மின்னேற்றியை மாற்றுதல். பழைய கரவன்கள் பலவற்றில் உள்ளது 13.8 வோல்ற்றிலேயே நிற்பது. அது பற்றரியை மெதுவாகவே நிரப்பும். புதியவை படிமுறையாக நிரப்புகின்றன. நெல்லை மூட்டையில் இடுபவர் முதலிற் கடகம் கடகமாகக் கொட்டுவார். வாயை அண்மித்ததும் குலுக்கிக் குலுக்கிக் கையால் இடுவார். நிறைந்தபின் கட்டி வைப்பார். அதுபோலவே இக்கருவியும் முதலில் மிகுந்த மின்னோட்டத்தையும், பின்னர் 14.4 வோல்ற்றைப் பிடித்துக்கொண்டு குறைந்துவரும் மின்னோட்டத்தையும், ஈற்றில் 13.6 அளவில் ஒரு காவலையும் கொடுக்கும். 230 வோல்ற் பக்கத்து வேலையைத் தகுதிபெற்ற மின்வினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, அறிவுடை ஆல்ற்றனேற்றருக்கு மாற்று மருந்தாகிய பற்றரிக்குப் பற்றரி மின்னேற்றி. காரிலிருந்து வருவது 12 வோல்ற்றாயினும் 13 வோல்ற்றாயினும் அதனை 14.4 ஆக உயர்த்திப் பற்றரிக்கு ஊட்டுவது இதன் தொழில். ஆனால் இதுவும் இலவசமாக ஒன்றும் தருவதில்லை. 14.4 வோல்ற்றில் 10 அம்பியர் கொடுக்க 144 வாற்று வேண்டும். பத்திலொன்று வெப்பமாக வீணாகும் எனக் கொண்டால், 12 வோல்ற்றில் வரும் பக்கத்திலே 13 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆதலால் 30 அம்பியர்க் கருவி ஒன்றை வாங்கிப் பழைய மெல்லிய வயரிற் பூட்டுபவர், வயரைச் சூடாக்கிப் பியூசை உருக்குவதைத் தவிர வேறொன்றும் காணார். செருகியும் வயரும் தாங்கும் அளவுக்கே கருவி அமைய வேண்டும். கருவியைப் பற்றரிக்கு அண்மையிலே பூட்டுதலும் வேண்டும்.

நான்காவது சூரியப் பலகை. 100 வாற்றுப் பலகை ஒன்று மூன்று மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளியைப் பெற்றால், இழப்புப் போக ஏறத்தாழ 20 அம்பியர்-மணி கிடைக்கும். பிரித்தானியக் கோடையில் இது பேருதவி. மாரிகாலத்தில் வெயில் தாழ்ந்து பகலும் குறுகுவதால் பற்றரியைக் காத்து வைப்பதற்கே அது பயன்படும்.

ஐந்தாவதாகவே பற்றரியின் வகையை மாற்றுவதைப் பற்றி எண்ணுதல் தகும். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி இன்று பலருக்கும் விருப்பமானது. 110 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 25 கிலோகிராம் அளவு கனக்க, 100 அம்பியர்-மணி இலிதியப் பற்றரி அதிற் பாதியளவே கனக்கும். ஏறக்குறைய முழுக் கொள்ளளவையும் எடுத்துப் பயன்படுத்தலாம். அரைகுறையாகக் கிடந்தாலும் பளிங்கு இறுகுவதில்லை. இவ்வகை வேதியியலை 1990களில் வெளிக்கொணர்ந்த குழுவின் தலைவரான ஜோன் குடினஃப், இலிதியப் பற்றரி ஆய்வுகளுக்காக 2019இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும் இதற்கும் நிபந்தனைகள் உள. பூச்சியம் பாகை செல்சியசுக்குக் கீழ் இதனை மின்னேற்றலாகாது. பிரித்தானிய மாரியில் இது சிறிய விடயமன்று. பழைய மின்னேற்றி இதற்கு ஒவ்வாதிருக்கலாம். உட்தடை குறைந்தமையால், தடித்த வயரில் நேராக இணைத்தால் ஆல்ற்றனேற்றரைத் தாங்கவியலாத அளவுக்கு இழுத்துச் சூடாக்கவும் கூடும். வழியைத் திருத்தாமல் இதனை வாங்குதல், வாய்க்காலைத் திருத்தாமல் உயர்ந்த விதையை இடுவதை ஒக்கும்.

முடிவாகப் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். இதனை நான் பின்னே வைத்தேனாயினும் செய்கையில் முன்னே நிற்க வேண்டியது இதுவே. ஈய அமிலப் பற்றரி நிரம்பும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். குடும்பம் உறங்கும் ஒடுங்கிய அறையிலே இது விளையாட்டன்று. ஆகவே பற்றரிப் பெட்டி உள்ளறையினின்று அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வாயு போகும் குழாய் வெளியே திறந்திருத்தல் வேண்டும். 12 வோல்ற் நம்மை அதிரச் செய்யாது என்று அலட்சியம் பண்ணலாகாது. இரு முனைகளுக்குங் குறுக்கே ஒரு திருகுசாவி வீழ்ந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து அதனைப் பழுக்கக் காய்ச்சிவிடும். எனவே கழற்றும்போது எதிர் முனையை முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. நேர் முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வயருக்கும், பற்றரிக்கு மிக அண்மையிலேயே, அவ்வயருக்கு ஏற்ற பியூஸ் இருத்தல் வேண்டும்.

நேயர்களே, கரவனுக்குக் கூறிய இம்முறை நம் வீட்டுச் சூரியப் பலகைக்கும், முச்சக்கரவண்டிக்கும், மீன்பிடிப் படகின் விளக்குக்கும் பொருந்தும். பற்றரி இருக்கும் நிலையை அளக்க. மின்சாரம் வரும் வழியை அளக்க. யாரும் அறியாது போகும் செலவை அளக்க. காரணம் தெரிந்தபின் மலிவான திருத்தத்தில் தொடங்கி, அது போதாவிடின் மட்டுமே அடுத்ததற்குச் செல்க. இவ்வொழுங்கைக் கைக்கொள்பவர், சில ரூபாய்க்கு வாங்கும் வயரினாலும் அரை நாட் பொறுமையினாலும் ஒரு புதிய பற்றரியின் விலையை மீதப்படுத்தலாம். அதனிலும் மேலாக, இருளில் ஒரு பழுது நேரும்போது திகையாது, எங்கே தொடங்குவது என்று தெரிந்திருக்கும் தெளிவு அவருக்கு உண்டாகும்.